இரண்டாயிரம் கிலோமீட்டர் வட்டம்

பேனா நிற்கவில்லை. உருளையில் சுற்றியிருந்த தாளில் மேலும் கீழும் அடித்துப் பக்கத்துக் கோடுகளையும் மையில் மூழ்கடித்தது. துலுக்காணம் பழக்கத்தில் பென்சிலை எடுத்து ஓரத்தில் 'குவாரி' என்று எழுதினான். எழுதிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது. அன்று யாரும் பாறைக்கு வெடி வைப்பதில்லை. எழுதியதை அடித்தான். மணி காலை ஆறு முப்பத்து மூன்று. 2004 டிசம்பர் 26.

பாகாலா சாலையிலிருந்து விலகிய குன்றின் மேல் இருந்த அந்த ஒற்றை அறைக்கு அவன்தான் காவல், அவன்தான் தாள் மாற்றுபவன். லாத்தூரில் பூமி குலுங்கி ஊர்கள் விழுந்த பிறகு பல இடங்களில் இப்படி நில அதிர்வை அளக்கும் கருவிகள் வைத்தார்கள். அதற்கு முன் அவன் கல்குவாரியில் பத்து வருடம் துளை போட்டவன். சத்தியவேட்டுப் பக்கம் நிலமில்லாத குடும்பம். கிரானைட் கப்பலேறத் தொடங்கிய காலத்தில் சித்தூருக்கு வந்தான். இடது காது குவாரியோடு போயிற்று.

கருவியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சுருள்வில்லில் தொங்கும் ஓர் எடை. பூமி அசையும்போது அது அசைய மறுக்கும். அந்த மறுப்பைப் பேனா வரையும்.

முதலில் வந்தது சின்னத் துடிப்பு. பாகாலா ரயில் யார்டில் எஞ்சின் இடித்தால் இடி பெட்டிக்குப் பெட்டி ஓடும். அதுபோல் பாறையைத் தள்ளிக்கொண்டே வரும் அலை, வேகமானது. பிறகு வருவது, கயிற்றை உதறினால் ஓடும் நெளிவுபோலப் பக்கவாட்டில் ஆட்டும் அலை. மெதுவானது, பெரியது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. தூரம் கூடக்கூட இடைவெளி கூடும். குவாரி வெடிக்கு அது கண் சிமிட்டும் நேரம். இன்று மூன்றரை நிமிடத்துக்கு மேல். சுவரிலிருந்த அட்டவணை அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றது.

திருப்பதியில் இருந்த அதிகாரி பவன்குமாருக்குப் போன் செய்தான்.

"சார், ரெண்டாயிரம் கிலோமீட்டரு. பேனா இன்னும் ஆடிக்கினே கீது."

"ஆதிவாரம்கூட தூங்க விடமாட்டியா? குவாரியா இருக்கும்."

"குவாரி லீவு சார்."

அந்தப் பக்கம் செல்போன் அடித்தது; பவன்குமார் அதை எடுத்துப் பேசிவிட்டு வந்தார். "மெட்ராஸ்ல தங்கச்சி வீட்ல கட்டில் ஆடிச்சாம். இமயமலைப் பக்கமா இருக்கும். ஹைதராபாத் ஆபீஸ்ல சொல்லுவாங்க. நீ பேப்பரப் பத்திரமா எடு."

துலுக்காணம் சுவர் வரைபடத்தில் பாகாலா இல்லாததால் திருப்பதி மேல் குத்தியிருந்த ஊசியில் நூலைக் கட்டி, அளந்து, சுற்றிப் பார்த்தான். ஒற்றைப் பேனா தூரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. நூல் வடக்கே இமயமலையைத் தொட்டது. தென்கிழக்கே அந்தமானைத் தாண்டிச் சுமத்ராக் கடலையும் தொட்டது. கடலில் குலுங்க என்ன இருக்கிறது, தண்ணீர்தானே என்று நூலைச் சுருட்டினான்.

அவன் மனைவி காஞ்சனாவும் மகள் கலைவாணியும் அப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மார்கழிப் பௌர்ணமி முழுக்கு. ஊரிலிருந்து வேனில் பதினாலு பேர், பழவேற்காட்டுக்கு வடக்கே. காஞ்சனாவின் தம்பி முனியப்பன், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் வேலை செய்பவன், லீவுக்கு வந்து ஏற்பாடு செய்திருந்தான். எட்டு மணிக்குத் தாள் மாற்ற வேறு ஆள் இல்லாததால் துலுக்காணம் போகவில்லை.

தாளை மாற்றினான். பேனாவைக் கழுவினான். எட்டரைக்கு மேல், கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனபோது பேசினின் அடி படியில் இடித்தது. தண்ணீர் ஒரு பக்கம் எகிறி வேட்டியை நனைத்தது. அவன் பேசினோடு நின்றான்.

குவாரியில் மழைத் தண்ணீர் நின்ற குழி ஒன்று நினைவுக்கு வந்தது. இறைக்கச் சோம்பல்பட்ட மேஸ்திரி, தண்ணீருக்கு அடியிலேயே வெடி வைக்கச் சொன்னார். தண்ணீர் ஒரு கரையில் இறங்கி, மறு கரையில் ஏறி, கம்ப்ரசரைப் புரட்டிப் போட்டது.

கடலடித் தரை சட்டென்று எழும்பினால் மேலுள்ள தண்ணீர் முழுவதும் எழும்பும். ஆழத்தில் விமான வேகத்தில், கப்பலுக்குத் தெரியாத உயரத்தில் ஓடும். கரையருகே ஆழம் குறைய வேகமும் குறைந்து, பின்னால் வருவது முன்னால் இருப்பதன் மேல் ஏறும். இதெல்லாம் பவன்குமார் பிற்பாடு சொன்னது. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது குழி மட்டும்தான்.

முனியப்பனின் செல்போன் மூன்றாவது தடவை கிடைத்தது.

"மாமா, வராம போய்ட்டியே. கடலு உள்ள போயிட்ச்சு. எங்க பாத்தாலும் மணலு. மீனு துள்ளிக்கினு கீது. நம்மூரு அண்ணாதுரை லுங்கியில அள்ளிக்கினு கீறான்."

"எல்லாரையும் இட்டுக்கினு வண்டி ஏறு."

"இன்னாத்துக்கு?"

"பூமி ஆடிச்சுடா. போன தண்ணி திரும்பி வரும்."

"திரும்பாம எங்க போவும்?" பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: "மலமேல குந்திக்கினு கடலுக்கு ஜோசியம் சொல்றாரு எங்க மாமா." சிரிப்பு.

"அக்காகிட்ட குடு."

காஞ்சனா வந்தாள். அவளிடம் அவன் பூமியைப் பற்றிப் பேசவில்லை.

"உங்கம்மா வுழுந்துட்டாங்களாம். பேச்சு மூச்சு இல்ல. வண்டி ஏறு."

"ஐயோ, இன்னா ஆச்சு?"

"ஏறு. தம்பியையும் ஏறச் சொல்லு. வழியில எங்கியும் நிக்காதீங்க."

அந்த நேரத்தில் அவன் மாமியார் ரத்தினம்மா வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அந்த எண் கிடைக்கவில்லை. பதினொன்றரைக்குச் சத்தியவேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து காஞ்சனா பேசினாள். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது தண்ணீர் வேனின் சக்கரம்வரை வந்ததாம். கலைவாணியையும் சேர்த்து வந்தது பதின்மூன்று பேர். அண்ணாதுரை மீனை விட மனமில்லாமல், நீங்க போங்க, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று நின்றுவிட்டான். இதைச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் அழுதாள்.

மறுநாள் எட்டு மணிக்குத் துலுக்காணம் தாளை மாற்றினான். அதில் சிறிய அதிர்வுகள் நாற்பத்தொன்று எண்ண முடிந்தது. பவன்குமார் வந்து இரண்டு நாள் தாள்களையும் உறையில் போட்டு எடுத்துப் போனார். துலுக்காணம் பத்து மணி பஸ் பிடித்து ஊருக்குப் போனான். ரத்தினம்மா அவனோடு பேசவில்லை. உயிரோடு இருப்பவளைப் பிணமாக்கினவன் என்று காஞ்சனாவிடம் சொன்னாள். முனியப்பனும் நாலு பேரும் அண்ணாதுரையைத் தேடக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் அண்ணாதுரையின் மனைவி வெங்கடம்மா வந்தாள். "எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இல்ல" என்றாள். காஞ்சனா சோறு போட்டாள். சாப்பிட்டான். நாலு மணி பஸ்ஸில் திரும்பினான்.