சக்கர நாற்காலிப் படம்

செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தால் இன்றும் நான் உடனே எடுப்பதில்லை. யார் என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

என் வேலை படம் வரைவது. ஓவியர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மெட்ரோ ரயில் பெட்டியில் கதவுக்கு மேலே நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருக்குமே, ஒரு கோடு, அதன்மேல் வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு ஸ்டேஷன், அதுதான். மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து செம்பூர் ஆபீசுக்குப் போய், நாள் முழுக்க வட்டங்களை அப்படியும் இப்படியும் நகர்த்திவிட்டு வருவேன்.

புதிதாகத் திறக்கவிருந்த சுரங்கப் பாதைக்கு எந்தச் சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்ய ஐந்து பேர் உட்கார்ந்தோம். லோக்கல் ரயிலுக்கு மாறுகிற ஸ்டேஷனுக்கு இரட்டை வட்டமா, நீள்வட்டமா என்று மூன்று நாள் சண்டை. நானும் சளைக்காமல் கத்தினேன். லிஃப்ட் விஷயம் மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. லிஃப்ட் ஓடும் ஸ்டேஷனுக்கு நிறம் நிரப்பிய சக்கர நாற்காலி, இனிமேல்தான் வரும் என்றால் வெறும் கோட்டால் வரைந்த நாற்காலி என்று இரண்டு படங்களை நான் கொண்டுபோயிருந்தேன். இரண்டு ஸ்டேஷன்களில் லிஃப்ட் வேலை முடியவில்லை என்பது ஐந்து பேருக்கும் தெரியும்.

எங்கள் மேலதிகாரி, "வெறும் கோடாக இருந்தால் பிரிண்ட் சரியில்லை என்று நினைப்பார்கள். பட்டை ஒட்டுவதற்குள் லிஃப்ட் வந்துவிடும். இல்லாவிட்டால் மாசாமாசம் உரித்து ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஒரே படம் போதும்" என்றார். எனக்கு நல்ல பசி. வட்டத்துக்காக மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியவள், நாற்காலிக்காக மூன்று நிமிஷம்கூடப் பேசவில்லை. தலையை ஆட்டினேன். கூட்டக் குறிப்பை டைப் செய்ததும் நான்தான்: லிஃப்டுக்கு ஒரே சின்னம், அனைவரும் சம்மதம்.

பட்டைகளை அச்சடிக்கும் பட்டறை தாராவியில். அதன் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை முதலில் மேடம் என்றார், பத்து வருஷப் பழக்கத்தில் தங்கச்சி ஆக்கிவிட்டார். முதல் பிரதியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனாக விரலை நகர்த்தினார்.

"எல்லா ஸ்டேஷனுக்கும் நாற்காலிப் படம் வருதே தங்கச்சி. எல்லா எடத்துலயும் லிஃப்ட் இருக்குல்லா?"

சும்மா கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவரே சொன்னார். மனைவிக்குச் சர்க்கரை. வலது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இப்போது பாதத்தில் புண். செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். கால் தரையில் படவே கூடாது, பட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலியைப் பார்த்தால் டாக்சிக்காரர்கள் நிற்காமல் போகிறார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். லிஃப்ட் முடியாத இரண்டில் அது ஒன்று.

"அதான் படம் போட்டிருக்கே பாய்" என்றேன்.

பொய் இல்லை. உண்மையும் இல்லை. இப்படிப் பேசுவதில் ஆபீஸ்காரர்களான நாங்கள் கெட்டி.

"அப்பம் சரி. நாம அடிக்கது நமக்கே உதவுது, பாருங்க" என்று சிரித்து, டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. திங்கட்கிழமை வந்தால் சைட் எஞ்சினியருக்கு வாட்ஸ்அப்பில் "லிஃப்ட் தயாரா?" என்று அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். முடிந்தது என்றும் அர்த்தம் கொள்ளலாம், ஆளை விடு என்றும் கொள்ளலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்யவில்லையே. எனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டேன். பாயைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்குத் தெரிந்தே மழுப்பினேன் என்று ஆகிவிடும். அந்த வெட்கம் எனக்கு ஒரு மனுஷியின் காலைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

பாதை திறந்தது. முதல் செவ்வாய் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது செவ்வாய் போன் வந்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க தங்கச்சி, வேலையா இருப்பீங்க. நாங்க எறங்கிட்டோம். லிஃப்ட் எந்தப் பக்கம்? அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டேன். ஒரு மூலையில பலகை அடிச்சு வச்சிருக்கானுவ. நகருத படியும் நின்னு கெடக்கு."

"அங்க யாரையாவது கேட்டேளா பாய்?"

"கேட்டேன். லிஃப்ட் இன்னும் வரலங்கான். புது ஆளு போல, ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க."

எழுந்து நின்றேன்.

"அவன் சொல்றது சரிதான் பாய். லிஃப்ட் இல்லை. திரும்பற ரயில்ல ஏறி வீட்டுக்குப் போயிடுங்கோ."



"அதான் படம் போட்டிருக்கே" என்றார். கோபமே இல்லை. நான்தான் குழம்பிப் போயிருக்கிறேன் என்று நினைத்து என்னைத் தேற்றுகிற குரல்.

பின்னால் ஒரு பெண்குரல்: "டாக்டர் போயிருவாரு. நாப்பது படிதான, மெள்ள ஏறிருதேன்."

"ஏய், இரு. நாற்காலிய விட்டு எறங்காத. கால ஊனாத, சொல்லுதேன்லா, ஊனாத!"

போனை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அணைக்கத் தைரியம் வரவில்லை. அவர் கத்துவதற்கு நடுவில் அந்த அம்மாள் நிதானமாகப் படிகளை எண்ணுவது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அந்த மாசக் கடைசியில் பாதத்தை எடுத்தார்கள். படி ஏறியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் பட்டைகளை இன்றும் பாய்தான் அச்சடிக்கிறார். போனால் டீ வாங்கித் தருகிறார். மேடம் என்று கூப்பிடுகிறார்.