அடிக்கு ஒரு நூல்

1. நாற்காலியை விட்டு வந்தேன்

நாகர்கோவில் ஒர்க்ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அதற்கு முன் பதினைந்து வருடம் நாற்காலி, கட்டில், அலமாரி என்று மரவேலை செய்தவன். இரண்டு தேவாலயங்களில் பிரசங்க மேடை கடைந்து கொடுத்திருக்கிறேன். என் பொருத்துகளில் தலைமுடி நுழையாது என்று ஊரில் பேச்சு இருந்தது. அதை ஊரைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

ஒர்க்ஷாப் முதலாளி ஞானசிகாமணி மேஸ்திரி. முதலாளி என்றாலும் லேத்தில் நின்று கடைவது அவர்தான். வார்ப்பு வேலை குளச்சல்காரர் மிக்கேலுடையது. இரும்பை உருக்க ஒரு சின்ன கியூப்போலா அடுப்பு, மண் அடைக்க மரப்பெட்டிகள், லேத்தை ஓட்ட ஓர் ஆயில் எஞ்சின், தலைக்கு மேல் ஓடும் பெல்ட். இவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. பேட்டர்ன் செய்ய ஆள் இல்லாமல் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பேட்டர்ன் என்றால், இரும்பில் வேண்டிய சாமானை முதலில் மரத்தில் செய்வது. அதை மண்ணில் புதைத்து இறுக்கி, மெல்ல உருவி எடுத்தால் அதே வடிவத்தில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவோம். மேஸ்திரி இதைச் சொன்னபோது, இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன்.

2. சாக்கில் வந்த சக்கரம்

சேர்ந்த அன்று மத்தியானமே குளச்சலிலிருந்து மைதீன் சாயிபு வந்தார். சோடாக் கம்பெனி வைத்திருப்பவர். கம்பெனி என்றால் ஓர் அறை, கையால் சுற்றும் ஒரு சோடா மிஷின், அவரும் அவர் மனைவியும். கொண்டுவந்த சாக்கைத் தரையில் கவிழ்த்தார். மிஷினின் பெரிய பல்சக்கரம் நாலு துண்டாகக் கிடந்தது. பத்து நாளில் கடற்கரைக் கோயிலில் திருவிழா. சீமையிலிருந்து சக்கரம் வர மூன்று மாதம் ஆகும் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“திருவிழாவுக்கு வாறவன் எல்லாம் எனக்க சோடாவைத்தான் கேப்பான். அன்னைக்கு நான் கதவைப் பூட்டிட்டு இருக்கவா, மேஸ்திரி?” என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். முடியும் என்று நான் தலையாட்டினேன்.

துண்டுகளைப் பலகைமேல் சேர்த்து வைத்து அளந்தேன். பதினெட்டு அங்குலக் குறுக்களவு. தேக்கில் வட்டு கடைந்து, பல்லைத் தனித்தனியாக அறுத்து, விளிம்பில் ஒட்டினேன். மூன்று நாள் வேலை. பழைய சக்கரத்துக்கும் என் பேட்டர்னுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மிக்கேலிடம் கொண்டுபோய் வைத்தபோது பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பக்கமெல்லாம் செங்குத்தா நிக்கி. கொஞ்சம் சரிவு கொடும் ஆசாரி. இல்லன்னா உருவும்போ மண்ணும் கூட வரும்” என்றார்.

முகம் சுருங்கினாலும், சொன்னபடி பல்லையெல்லாம் லேசாகச் சரித்துச் சீவிக் கொடுத்தேன். அப்போது அடுத்த கேள்வி வந்தது.

“அடிக்கு ஒரு நூல் விட்டிருக்கீரா?”

ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். என் அளவில் நூல் கணக்கில் பிசகு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார் என எடுத்துக்கொண்டேன். சுருக்கென்றது.

“நூல் கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு ஓய்” என்றேன்.

அவர் பேட்டர்னை எடுத்துக்கொண்டு மண் அடைக்கப் போனார்.

3. குளச்சலில் நடந்தது

மறுநாள் சாயங்காலம் இரும்பு ஊற்றினோம். கியூப்போலாவின் வாயைக் குத்தித் திறந்ததும் இரும்பு பழுத்த பலாச்சுளை நிறத்தில் ஓடி வந்தது. கரண்டியை மிக்கேல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். அத்தனை வருடம் மரத்தைக் குறைத்துக் குறைத்தே வடிவம் கண்டவன் நான். தண்ணீர்போல ஒன்று ஓடிப்போய்த் தானே வடிவமாவதை அன்றுதான் பார்த்தேன்.

காலையில் பெட்டியை உடைத்தபோது ஒரு பல்கூட மூளியாகாமல் சக்கரம் வெளியே வந்தது. மேஸ்திரி அதை லேத்தில் ஏற்றி நடுத்துளையைக் கடைந்தார். ஆறாம் நாள் மூவரும் பஸ் பிடித்துக் குளச்சலுக்குப் போனோம். சாயிபு வீட்டில் தேங்காய்ச் சோறும் மீனும் தயாராக இருந்தன.

சக்கரத்தை மாட்டி, சாயிபு கைப்பிடியைச் சுற்றினார். முதலில் சுற்றியது. மிஷினுக்குள் காற்று ஏறிப் பாரம் கூடியதும் கடகடவென்று பல் நழுவியது. மறுபடி சுற்றினார். மறுபடி நழுவியது. சிறிய சக்கரத்தின் பல்லை எங்கள் பல் எட்டிப் பிடிக்கவே இல்லை.

நான் அடிக்கோலை எடுத்து அளந்தேன். பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவு. இரண்டாம் தடவை அளந்தும் அதே அளவுதான். மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

“எனக்க பேட்டர்ன் சரியான அளவுதான் மேஸ்திரி. சக்கரம் சிறுத்துப்போச்சு.”

மிக்கேல் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சோடாப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“இரும்பு ஆறும்போ சுருங்கும் ஓய். அடிக்கு ஒரு நூல் கொறையும். அதுக்காக்கும் கூட்டி விட்டிருக்கீரான்னு கேட்டேன். நீரு சரியா இருக்குன்னு சொன்னீரே?”

எனக்கு அங்கேயே கடலில் இறங்கிவிடலாம்போல இருந்தது. நாற்காலி வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்றேன். மேஸ்திரி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தானும் கேட்காமல் விட்டது தப்புதான் என்று சாயிபுவிடம் சொன்னார். பிறகு என்னிடம், மிச்சம் இருக்கும் நாலு நாளில் என்ன செய்ய முடியும் என்று மட்டும் கேட்டார்.

சாயிபுவின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, முதலில் எல்லோரும் சாப்பிடட்டும் என்றார். சாப்பிட்டோம்.

4. ஒரு பட்டை மரம்

புதிதாகச் செய்ய மூன்று நாள் வேண்டும். வார்க்கவும் கடையவும் நேரம் இருக்காது. பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தோவாளை வீடு ஒன்றில் மேஜை விளிம்புக்கு மெல்லிய மரப்பட்டையை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டியது ஞாபகம் வந்தது.

ஒர்க்ஷாப் வந்து சேர்ந்ததும் பேட்டர்னின் பற்களையெல்லாம் உளியால் பெயர்த்தேன். முக்கால் நூல் கனத்தில் ஒரு பட்டை சீவி, ஊறவைத்து, வட்டின் விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் முக்கால், ஆக ஒன்றரை நூல். கவராயத்தால் இடைவெளியைப் புதிதாகப் பிரித்து, அதே பற்களைத் திரும்ப உட்கார வைத்தேன். ஒன்றரை நாளில் முடிந்தது.

மிக்கேல் கையால் தடவிப் பார்த்தார். “இப்படியும் செய்யலாமா? இது எனக்குத் தெரியாது கேட்டீரா” என்றார். முதல் தடவை எதிர்பார்த்து நின்ற பாராட்டைவிட அது பெரிதாக இருந்தது.

சிறுத்துப்போன சக்கரத்தைச் சம்மட்டியால் உடைத்துக் கியூப்போலாவில் போட்டோம். அந்த இரும்பே மறுபடி ஓடி வந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை குளச்சலில் சக்கரத்தை மாட்டினோம். சாயிபு கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். பாரம் ஏறியது. பல் பல்லைப் பிடித்தது.

“வெண்ணெயாட்டு சுத்துது” என்றார் மெதுவாக.

முதல் நாலு குப்பியும் எங்களுக்குத்தான். கோலியை அமுக்கியதும் காற்று மூக்கில் ஏறி மிக்கேல் தும்மினார். மேஸ்திரி சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

5. படிக்கிற பிள்ளைகளுக்கு

அடுத்த வாரம் எனக்கு நானே ஓர் அடிக்கோல் செய்துகொண்டேன். அதில் ஓர் அடி என்பது பன்னிரண்டு அங்குலமும் ஒரு நூலும். இரும்பு வார்ப்புக்கு அந்தக் கோலால் மட்டுமே அளந்தேன். இன்று கடையிலேயே சுருக்கக் கோல் கிடைக்கிறது. எந்த உலோகத்துக்கு எவ்வளவு விடவேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்துவிடலாம்.

நான் கற்றது வேறு. மண் அடைக்கிறவர் ஒரு கேள்வி கேட்டால், அவர் உங்கள் திறமையைச் சோதிப்பதாக நினைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எதற்காகக் கேட்கிறீர் என்று திருப்பிக் கேளுங்கள்.

அதன்பிறகு எங்கள் ஒர்க்ஷாப்பில் எந்தப் புதுச் சாமானுக்கும், உளி எடுக்கும் முன், மேஸ்திரியும் மிக்கேலும் நானும் கருப்பட்டிக் காப்பியோடு ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினோம். வெட்டிப் பேச்சு என்று எஞ்சின் ஓட்டுகிறவர் குறைபட்டுக்கொள்வார். இருபத்தேழு வருடம் அப்படித்தான் பேசினோம்.