ஒரு கையில் தூக்கும் ஆம்ப்ளிஃபயர்

பேஸ் கிட்டாரை எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை. ஒலிநாடாக்களைத் தேயத் தேயக் கேட்டு நானாகவே பழகினேன். பகலில் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுவேன். வார இறுதிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிப்பேன். ஸ்பீக்கரும் சேர்ந்த என் பழைய ஆம்ப்ளிஃபயர் ஓர் ஆள் கனம். மூன்றாம் மாடியிலிருந்து அதை இறக்க ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் மனைவியும் பிடிப்போம். சென்ற ஆண்டு என் முதுகெலும்பில் வட்டு விலகியது.

என்னைவிட இளையவரான குழுத் தலைவர் நேரில் வரவில்லை, கைபேசியில் செய்தி அனுப்பினார்: "அண்ணே, உடம்பப் பாத்துக்குங்க. கீபோர்டு தம்பி இடது கையிலயே பேஸ சமாளிச்சுக்குவான்." மற்றவர்களிடமோ, நானே விலகிக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். நான் விலகவில்லை. அச்செய்தியை அச்சிட்டு, பழைய ஒப்பந்தங்களோடும் மருத்துவச் சீட்டுகளோடும் கோப்பில் சேர்த்தபின் அவரை அழைத்தேன்.

"கனமில்லாத ஆம்ப் கொண்டுவந்தா என் இடம் எனக்குத்தானே?"

"கொண்டுவாங்கண்ணே, பாக்கலாம். மேடையில நீங்க விழுந்தா உங்களையும் தூக்கணும், பெட்டியையும் தூக்கணும். அதான் பயம்."

நான் தேடியது தயாரிப்பு நின்றுபோன ஓர் ஆம்ப்ளிஃபயர் மாடல். சாப்பாட்டு டப்பா அளவுதான். எந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேலும் வைத்து இணைத்துக்கொள்ளலாம். வைத்திருப்பவர்கள் விற்க மாட்டார்கள். யாரேனும் விற்றாலும் நான் போய்ச் சேருமுன் கைமாறிவிடும். மாதக்கணக்கில் அலைந்து ஓய்ந்த பிறகு, வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர் ஒருவரின் அலமாரியில் அது அகப்பட்டது.

"வாசிக்கிறத விட்டாச்சு சார். போட்டுப் பாருங்க. மெதுவா, மாமியார் தூங்குறாங்க."

ஒலியைக் குறைத்தே வாசித்துப் பார்த்தேன். அப்போதும் தடித்த தந்தியின் அதிர்வு தரை வழியே உள்ளங்காலைத் தொட்டது. வாங்கி, ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். முதுகு வாய் திறக்கவில்லை.

ஒத்திகைக்கு மனைவியும் துணைக்கு வந்தாள். தேவைப்படலாம் என்று அந்தக் கனத்த காகிதக் கோப்பையும் எடுத்துச் சென்றேன். குழுவின் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஆம்ப்ளிஃபயரை வைத்து இணைத்தேன். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் தலைவர் ஒலியைக் கூட்டச் சொன்னார். தடித்த தந்தியைத் தொட்டதும், ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வில் ஆம்ப்ளிஃபயர் இடம்பெயர்ந்து விளிம்பை நோக்கி நகரத் தொடங்கியது. கனமில்லாததே அதற்கு வினையாயிற்று.

"அண்ணே, உங்க ஆம்பும் விலகிக்குது போல!" என்று கீபோர்டுக்காரன் கத்தினான்.

கையை எடுத்தால் என் இடம் போய்விடும். எடுக்காவிட்டால் ஆம்ப்ளிஃபயர் விழுந்துவிடும். வாசித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து, கோப்பைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். நகர்வு நின்றது. பாட்டு முழுவதும் முடிந்தது.

"என்ன அண்ணி ஃபைலு அது?" என்றார் தலைவர்.

"எல்லாம் நீங்க அனுப்புனதுதான் தம்பி. நல்ல வெயிட்டு."

கீபோர்டுக்காரன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். தலைவர் சற்று நேரம் ஒயரைச் சுருட்டினார்.

"சனிக்கிழமை கச்சேரிக்கு ஆறு மணிக்கு வந்துடுங்கண்ணே."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கோப்பைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டுவதாக இருந்தேன். அசதி மேலிட்டது, பிரிக்கவில்லை. திரும்பும்போது ஆம்ப்ளிஃபயர் ஒரு கையிலும் கோப்பு மறுகையிலும் இருந்தன. கோப்பு பிடித்த கைதான் வலித்தது.

"ஒரு ரப்பர் ஷீட்டு போட்டா நகராதுங்க. இதையும் சுமந்துகிட்டு அலையணுமா?" என்றாள் மனைவி.

வழியிலேயே ரப்பர் விரிப்பு வாங்கினோம். வீடு சேர்ந்ததும் அதன் ரசீதைக் கோப்பில் வைத்தேன். சனிக்கிழமை கோப்பு வீட்டில் இருந்தது.