எத்தினையாம் பக்கத்தில விட்டனீங்கள்?

பிற்பகல் மூன்று மணி பத்து. மல்லாவி வாசிகசாலைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது நீள மேசையில் கிடந்த ஒரே புத்தகத்தின் ஆறு பிரதிகள். ஐந்திலிருந்து ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஐஸ்கிரீம் குச்சி, ஒன்றில் பஸ் ரிக்கற், ஒன்றில் தலைக் கிளிப், ஒன்றில் மாத்திரை தீர்ந்த வெற்று அட்டை, ஒன்றில் வைக்கோல் துண்டு. ஐந்தும் புத்தகத்தின் முன்பாதிக்குள்ளேயே இருந்தன. ஆறாவது பிரதியில் எதுவும் இல்லை. அந்த நாவலை எழுதியவர் என் பக்கத்தில் நின்றார். அவர் என் அண்ணன்.

எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர்கள் புத்தகங்களை வைத்துவிட்டு வெளியே வேம்பின் கீழ் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஒரு பிரதியை விரலால் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியே, பிடிச்ச இடங்களுக்கு அடையாளம் வைச்சிருக்கினம்."

என் பிரதி கைப்பைக்குள் இருந்தது. அதற்குள்ளும் ஒரு அடையாளம் இருந்தது.

எங்கள் வட்டத்தில் அடையாளம் வைப்பதற்கு ஒரு விதி உண்டு. அது தற்செயலாக வந்தது. வட்டம் தொடங்கிய முதல் மாதம் எல்லோருமாக ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்தோம். தடித்த புத்தகம். மாத முடிவில் எல்லோரும் அதைப் புகழ்ந்தோம். ஆழமான படைப்பு என்றோம். அப்போது சந்தைக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் கேட்டார்: "அது சரி, கடைசியில அந்தாள் செத்ததோ இல்லையோ?" மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் செத்துவிட்டார் என்றார். ஒருவர் கப்பலேறிப் போனார் என்றார். மூன்றாமவர், "அது அவற்ற தம்பியெல்லோ?" என்றார். ஒருவரும் முடிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நானாவும் முடிக்கவில்லை. முடித்தவர் யாராவது சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து இதுதான் விதி. முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் விட்ட பக்கத்தில் கையில் கிடைத்த எதையாவது செருக வேண்டும். கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏன் விட்டோம் என்று சொல்ல வேண்டும். முடித்தவர்கள் கடைசியாகப் பேச வேண்டும்.

அண்ணனுக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. வந்து மூன்று நாள்களாக அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்று கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் அச்சிட்டாயிற்று. நயவுரை என்ற தலைப்பின் கீழ் எங்கள் வட்டத்தில் மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. அவர் வாழும் கனடாவில் ஏற்கெனவே ஒரு வெளியீடு நடந்து, எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள். அது அவருக்குப் போதவில்லை. "இது இந்த ஊரின்ர கதை. ஊர் வாசிச்சு நல்லாயிருக்கு எண்டு சொல்ல வேணும். அதுக்குத்தான் வந்தனான்" என்று, விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த வான் ஓமந்தையைத் தாண்டும்போதே சொன்னார். முப்பது வருடங்களுக்குப் பிறகு வந்த மனிதர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இதைத்தான் சொன்னார்.

பத்திரிகையில் இருந்த காலத்தில் நான் நூல் வெளியீட்டுச் செய்திகள் ஏராளம் திருத்தியிருக்கிறேன். மங்கல விளக்கு, வரவேற்புரை, நயவுரை, ஏற்புரை. ஊரையும் பெயர்களையும் மாற்றினால் ஒரே செய்தியை வருடம் முழுவதும் பாவிக்கலாம். நயவுரைகாரர் ஒருவர் மேடையில் நின்று "என்னால் இதை முடிக்க முடியவில்லை" என்று சொன்னதாக ஒரு வரிகூட என் மேசைக்கு வந்ததில்லை.

எல்லோரும் உள்ளே வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். அண்ணன் எழுந்து நன்றி சொன்னார். புத்தகத்தைக் கையில் தூக்கி, "நீங்கள் அடையாளம் வைச்ச பக்கங்களை வாசிச்சுக் காட்டினால் எனக்குப் பெரிய சந்தோசம்" என்றார்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கச்சான் தோட்டக்கார அக்கா முந்திக்கொண்டார். அவருடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறி, கச்சான் என்னும் நிலக்கடலை போட்டது. பேச்சில் அந்த மண் இன்னும் இருக்கிறது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது புடிச்ச எடம் இல்லீங்க. நாங்க விட்ட எடம்."

அண்ணன் சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் விதியைச் சொன்னேன். இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். அண்ணன் மேசையிலிருந்த குச்சியையும் கிளிப்பையும் மறுபடி பார்த்தார். பிறகு அமர்ந்தார்.

"சரி. சொல்லுங்கோ" என்றார்.

பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளைதான் முதலில் பேசினாள். எங்களில் வயது குறைந்தவள், எல்லோரையும்விட அதிகம் வாசிப்பவள். தலைக் கிளிப் அவளுடையது. "அங்கிள், முப்பத்தெட்டாம் பக்கம். அதுக்குள்ள பதினொரு பேர் அழுதிட்டினம். வரம்பில இருந்து அழுகினம், கிணத்தடியில அழுகினம், பஸ்ஸுக்குள்ள அழுகினம். இவ்வளவு பேரும் அழுதுகொண்டு நிண்டால் நெல்லை ஆர் வெட்டினது?"

"அப்ப நாங்கள் பட்ட துன்பத்தை எழுதக் கூடாதோ?" அண்ணனின் குரல் உயர்ந்தது.

"எழுதுங்கோ. நானும் பட்டனான்தானே. ஆனா எங்கட வீட்டுச் செத்தவீட்டிலயும் ஆரோ ஒராள் தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சண்டை பிடிச்சவர். உங்கட புத்தகத்தில ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை."

அவள் யானை வரும் அத்தியாயத்தையும் பிடித்தாள். யானை வந்து வாசல் படலையில் நின்றுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவது நம்பும்படி இல்லை என்றாள். அண்ணன் நிமிர்ந்தார். அது எங்கள் அப்பாவுக்கு நடந்தது என்றார். உண்மை என்று நானும் சொன்னேன்.

"அப்ப சரி, யானையை விடுறன்" என்றாள். "ஆனா பிறகு ரெண்டு பக்கத்துக்கு குளம் எண்டால் என்ன, கட்டு எண்டால் என்ன, தண்ணி திறந்துவிடுற துருசு எண்டால் என்ன எண்டு சொல்லிக்கொண்டு போறீங்கள். எங்களுக்குத் தெரியாதே?"

"அது உங்களுக்கில்லை. அங்க பிறந்த பிள்ளையளுக்கு விளங்க வேணும்."

"அப்ப அவையளுக்குக் குடுங்கோவன்."

அண்ணன் கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். "அவையள் தமிழ் வாசிக்க மாட்டினம்" என்றார்.

கச்சான் தோட்டக்கார அக்கா ஐஸ்கிரீம் குச்சியை இழுத்து எடுத்தார்.

"நூத்தி நாலாம் பக்கமுங்க. எங்க ஆளுங்க ரெண்டு எடத்துல வர்றாங்க. ஒரு எடத்துல தண்ணி கொண்டாந்து குடுக்கிறாங்க. இன்னொரு எடத்துல ஓரமா நிக்கிறாங்க. மூணாவது தடவ வருவாங்களான்னு பாத்துக்கிட்டே போனேன். வரல. தூக்கம் வந்திருச்சு."

"அக்கா, அவையள் எங்கட வயலில வேலை செய்தவை. நான் கண்டதைத்தான் எழுதினன்."

"கண்டீங்க. பேசியிருக்க மாட்டீங்க. சின்னப் புள்ளதானே அப்ப" என்று அவரே அண்ணனுக்காக ஒரு காரணமும் சொன்னார்.

பஸ் ரிக்கற்காரர், மாத்திரை அட்டைக்காரர், வைக்கோல்காரர் மூவரும் சுருக்கமாக முடித்தார்கள். ஒருவர் ஒரே ஆளுக்கு இரண்டு அத்தியாயங்களில் இரண்டு வயது வருகிறது என்றார். ஒருவர் வாக்கியங்கள் நீளம், மூச்சு வாங்குகிறது என்றார். வைக்கோல்காரருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. "ஏனோ திரும்பவும் எடுக்க மனம் வரேல்லை" என்றார். எனக்கு அன்று கேட்டவற்றுள் மிக நேர்மையான விமர்சனம் அதுதான் என்று தோன்றியது.

பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ?"

நான் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். "தொண்ணூற்றாறு. அதில அம்மா கதைக்கிறா. 'மகனே, இந்த மண் உன் இரத்தத்தில் ஓடுகிறது' எண்டு சொல்லுறா. அம்மா ஒருநாளும் அப்பிடிக் கதைக்கேல்லை, அண்ணா."

"அப்ப எப்பிடிக் கதைச்சவா அன்ரி?" என்று பால் நிலையப் பிள்ளை கேட்டாள்.

"'மழை வரப்போகுது, விறகைத் தூக்கி உள்ள போடுங்கோ மாடுகளே' எண்டு கதைச்சவா."

அண்ணன் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், மாடுகளே எண்டுதான் கூப்பிடுறவா" என்றார்.

அடையாளம் இல்லாத ஆறாவது பிரதி நானாவுடையது. அவர் மட்டும் முழுவதையும் வாசித்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் முடிச்சிட்டன் தம்பி. பெரிய விசயமில்லை, இந்த மாசம் கடைக்கு ஆக்கள் வரேல்லை. முதல் இருநூறு பக்கம் எனக்கும் கஷ்டம்தான். ஆனா கடைசியில ஒரு பகுதி இருக்கு. கதையில வாற பொடியன் கனடாக் குளிருக்குள்ள பாண் சுடுற ஒரு பேக்கரியில இரவு வேலை செய்யிறான். மா மூட்டை தூக்கிறான். வேலையை மேற்பார்க்கிறவன் ஒரு இத்தாலிக்காரன், ரெண்டு பேருக்கும் பாசை விளங்காது, பாணைக் காட்டிக் காட்டிக் கதைக்கிறாங்கள். அதில ஒருத்தரும் அழேல்லை. அதை மட்டும் நான் ரெண்டு தரம் வாசிச்சன்."

"அது கடைசியா அவசரத்தில எழுதினது நானா. எடுத்துவிடுவம் எண்டும் நினைச்சன்."

"எடுக்க வேண்டியது அதில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு நானா பிளேன்ரீக் கோப்பையைத் தேடினார்.

அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்டது சங்கடம் என்று எழுதினால் வாசிப்பவர்கள் நம்புவார்கள். ஆனால் எனக்கு ஏற்பட்டது பெருமை. எங்கள் பகுதியில் ஒரு புத்தகம் பாதியில் நின்றால் அதற்கு நெடுங்காலமாக ஒரே காரணம்தான் இருந்தது. போருக்குள் இடம்பெயர மூட்டை கட்டும்போது புத்தகத்துக்கு இடம் இருப்பதில்லை. கட்டிலில் கவிழ்த்து வைத்த புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு நான் இரண்டு தடவை வீட்டை விட்டுப் போயிருக்கிறேன். நானா, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தன் வீட்டு அலுமாரி நிறையப் புத்தகங்களை முல்லைத்தீவில் விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போனவர். எங்களில் யாருக்கும் அப்போது ஒரு கதை பிடிக்கவில்லை என்று மூடி வைக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பிள்ளை முப்பத்தெட்டாம் பக்கத்தில் தலைக் கிளிப்பைச் செருகி, சலிப்பாக இருக்கிறது என்கிறாள். எழுதியவரின் முகத்துக்கு நேரே, ஏன் என்றும் சொல்கிறாள். இலவசமாக வந்த புத்தகம், வெளிநாட்டிலிருந்து வந்த மனிதர், வட்டத்தை நடத்துபவளின் அண்ணன். மூன்றில் எதற்காகவும் ஒருவரும் ஒரு பொய்ப் புகழ்ச்சி சொல்லவில்லை. எத்தனையோ விழாச் செய்திகளைத் திருத்திய எனக்கு இதன் பெறுமதி தெரியும்.

அண்ணனைப் பற்றியும் அதே வரியில் சொல்ல வேண்டும். அவர் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்ததும் மேசையிலிருந்த ஒவ்வொரு பிரதியையும் எடுத்து, அடையாளம் இருந்த பக்கத்தை நின்றபடியே வாசித்தார். வைக்கோல் துண்டு இருந்த பக்கத்தில் அதிக நேரம் நின்றார். "இதில என்ன பிழை?" என்று வைக்கோல்காரரைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "பிழை எண்டு ஒண்டுமில்லை அண்ணை" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னால் இருந்து வந்தார். வீட்டில் முற்றத்துக் கதிரையில் இருந்து, புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து வாசித்தார். குசினி அடுப்படியிலிருந்து பார்த்தேன். பேக்கரிப் பகுதி என்பது பின்னால் மிச்சமிருந்த பக்கங்களின் அளவிலேயே தெரிந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"அழைப்பிதழில இருக்கிற அந்த மூண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மேடையில வந்தால் இதைத்தான் சொல்லுவினமோ?" என்றார்.

"வேற என்னத்தைச் சொல்லுறது அண்ணா?"

"சொல்லட்டும் எண்டு விடவோ?"

"அது உங்கட விருப்பம். அவையள் மாத்திச் சொல்ல மாட்டினம்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உன்ர ஆக்கள் கெட்டிக்காரர்" என்றார். குரலில் கோபம் இருந்தது. அதற்குள் வேறொன்றும் இருந்தது. அதை நான் இப்போது பெயரிட்டு எழுதப் போவதில்லை.

அடுத்த நாள் காலையில் கிளிநொச்சிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். நானும் வரவா என்றேன். வேண்டாம் என்றார். தனியாகப் போனார். பின்னேரம் திரும்பி வரும்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், அச்சகத்திலிருந்து எடுத்துவந்த அழைப்பிதழ்க் கட்டும் இருந்தன. கட்டு அவிழ்க்கப்படவில்லை. அதை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியீட்டுக்குப் பிடித்திருந்த அந்த மண்டபத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா நடந்தது.