ஒன்றும் ஒட்டாத காந்தம்

“மோகனாக்கா, ஒரு வாரமா மேக்னெட்ல ஒண்ணுமே ஒட்டல. தொடைச்சா துணி வெள்ளையாவே கீது. எனக்கு வேலையே இல்ல போ!”

க்ளீனிங் செக்‌ஷன் முனிரத்தினம் இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். கேட்ட நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். அப்போது காலை பத்தரை மணி. வெளியே கண்டெய்னர் லாரியில் டிரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு அது சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்து எங்கள் மாதிரி ஃபேக்டரிகளுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரண்ட், காந்தம் எல்லாம் நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். அதற்கப்புறமும்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

1. முதல் நாள் காட்டிய சாவிக்கொத்து

சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் போடுகிற ஃபேக்டரி அது. பெயர் இங்கே தேவையில்லை. சீசனில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நிற்கும். பாலசமுத்திரத்திலிருந்து எங்கள் காயை ஏற்றிவரும் என் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவற்றில் ஒன்றின் நிழலில் துண்டு விரித்துப் படுத்திருப்பார். நான் உள்ளே எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள், மோட்டார் ட்ரிப் ஆனதும் என்னைத்தான் தேடி வந்தார்கள். கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் போவேன்.

சேர்ந்த அன்று மேனேஜர் பாஸ்கர் சார் லைனைச் சுற்றிக் காட்டினார். பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, சல்லடையில் வடிகட்டுவார்கள். பிறகு கூழ் ஒரு பம்ப் வழியாக ஹீட்டருக்குப் போகும். அங்கே நன்றாகச் சூடேறி, ஆறி, பையில் அடைபட்டு டிரம்முக்குள் இறங்கும். பம்புக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு பெட்டி இருந்தது. அதில் வரிசையாக ஸ்டீல் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தம். சார் தன் சாவிக்கொத்தைக் கிட்டே கொண்டுபோனார். டப்பென்று இழுத்துக்கொண்டது.

“சூசினாவா, பார்த்தியா? சல்லடை தாண்டினப்புறம் மெஷின்ல ஏதாச்சும் உடைஞ்சு கூழ்ல விழுந்துச்சுன்னா, புடிக்கிறதுக்கு இது ஒண்ணுதாம்மா இருக்குது.”

“மேல ஸ்டீல் மூடிக்கினு கீதே சார். எப்படி இழுக்குது?” என்றேன்.

“திருப்பதி பாத்திரக் கடையில பொம்பளைங்க காந்தம் வெச்சுப் பார்த்து வாங்கறாங்க இல்ல? நல்ல ஸ்டீல் ஒட்டாது. ஒட்டாத ஸ்டீலு இழுப்பைத் தடுக்கவும் தடுக்காது.”

அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை. பாதிப் பாடம்தான் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2. குக்கர் வாங்கித் தந்த யோசனை

அந்தப் பெட்டி பம்புக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்தது. சூடேறாத கூழ் கெட்டியாக வந்து அடிக்கடி அடைத்துக்கொள்ளும். உடனே லைனை நிறுத்துவார்கள். முனிரத்தினம் குந்தி உட்கார்ந்து குழாய்களை உருவித் துடைப்பாள். இரும்புத் தூள் ஒட்டித் துணி மை கொட்டினதுபோல் ஆகிவிடும். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி” என்பாள்.

பெட்டியை ஹீட்டருக்கு அந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சூடான கூழ் இளகி ஓடும், அடைக்காது. நெஞ்சு உயரத்தில் வைத்தால் அவளும் குனிய வேண்டாம்.

என் புத்தி எப்படி ஓடியது என்று சொல்கிறேன். நான் பழகியதெல்லாம் கரண்ட் காந்தம். மோட்டாரை ஆன் செய்யும் கான்டாக்டரைத் திறந்து பாருங்கள், உள்ளே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும், அதைக் ‘காயில்’ என்போம். கம்பியில் கரண்ட் ஓடினால் நடுவில் இருக்கிற இரும்பு காந்தமாகி இழுக்கும். கரண்டை நிறுத்தினால் விட்டுவிடும். அது கெட்டால் காயில் கருகும், நாற்றம் வரும், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். கூழ் லைனில் இருந்ததோ காயிலே இல்லாத காந்தம். ஃபியூஸ் போகாது, எரிந்துபோக எதுவும் இல்லை. அதற்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

சார் ஒத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நானே நின்று மாற்றினேன். அதற்கப்புறம் அடைப்பே இல்லை. எல்லோர் முன்னாலும் சார் கை தட்டி எனக்கு ஒரு குக்கர் பரிசு கொடுத்தார். முனிரத்தினம் என் தலையில் பூ வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ரிஜிஸ்டரில் “இரும்பு இல்லை, ஓகே” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தேன்.

3. விழுந்த நட்டு

இப்போது அந்தக் காலை பத்தரைக்கு வருகிறேன். முனிரத்தினம் துடைத்து வைத்திருந்த குழாய் ஒன்றில் ஒரு நட்டை வைத்தேன். மெதுவாக ஒட்டியது. லேசாக உதறினேன், கீழே விழுந்து உருண்டது. ஸ்டோரில் பிரிக்காமல் வைத்திருந்த ஸ்பேர் குழாயை எடுத்துவந்து அதே நட்டை வைத்தேன். பிய்த்தெடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஸ்பேரோடு வந்த காகிதத்தில் எண்பது டிகிரிக்கு மேல் சூடு ஆகாது என்று அச்சடித்திருந்தது. எங்கள் ஹீட்டரிலிருந்து கூழ் வருவது தொண்ணூறுக்கு மேல். அந்தக் காகிதத்தை நான் அதற்குமுன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

திருமலையில் தரிசன கம்பார்ட்மென்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துத் தள்ளுவார்கள். சாதா இரும்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் ஆளுக்கு ஒரு திசையில்தான் இருக்கின்றன. அவை ஒரே பக்கம் திரும்பி நின்றால் அது காந்தம். அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் ஆட்டங்கண்டு, மறுபடியும் கண்டபடி திரும்பிவிடும். ஆறவைத்தாலும் பழைய வரிசைக்கு வராது. நாற்றமும் இல்லை, சத்தமும் இல்லை. பார்க்கப் புதுசு போலவே இருக்கும்.

ரிஜிஸ்டரைத் திருப்பினேன். பெட்டியை மாற்றிய முதல் இரண்டு நாள் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கிறது. அப்புறம் வரிசையாக “இல்லை”. அந்த “இல்லை” தொடங்கிய நாளிலிருந்து போட்ட டிரம்களைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூழ் ஜூஸ் பாக்கெட்டாகும். அதில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். சிவப்புப் பேனாவால் “இந்த லாட் போகக்கூடாது” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரோடு சார் ரூமுக்குப் போனேன். மேசைமேல் இரண்டு குழாயையும் வைத்து நட்டைக் காட்டினேன்.

சார் முகம் சுண்டிப்போனது. “பெட்டிய மாத்தச் சொன்னதே நீதானே?”

“ஆமா சார். தப்பு என்னுதுதான்.”

“டிரம் திறந்தா மறுபடி மொத்தமும் காய்ச்சணும். கூழ்ல இரும்பு இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா? செப்பு, சொல்லு!”

“தெரியாது சார். இல்லேன்னும் தெரியாது. அதனாலதான் அனுப்பக்கூடாதுன்றேன்.”

“வேலை போயிடும் மோகனா. ஃபர்ஸ்ட் உனக்கு, அப்புறம் எனக்கு.”

“போவட்டும் சார். ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் வந்தேன். அதை அடிச்சு அழிக்க மாட்டேன்.”

சார் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஃபோனை எடுத்து, “லோடிங் ஆபண்டி, நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னார். லாரி நின்றது. பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டுவதற்காக லைனும் நின்றது. வெயிலில் டிராக்டர்களும் நின்றன.

கொஞ்ச நேரத்தில் நைனா ஃபோன் செய்தார். “இன்னாம்மா, மிஷினு நின்னுபோச்சாமே? காயெல்லாம் வெயில்ல வாடிக்கினு கீது.”

“நான்தான் நைனா நிறுத்தினேன். தப்பு பண்ணிட்டேன்.”

“சரி, நீ எதுனா துன்னியா?” என்றார். பம்புக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

4. ரிஜிஸ்டரில் ஒரு பக்கம்

புதுக் குழாய்களைப் பழைய இடத்தில், ஹீட்டருக்கு முன்னால் மாட்டினோம். நிறுத்திய டிரம்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வேறொரு பம்ப் வைத்து அவற்றின் வழியாக ஓட்டினோம். ஒவ்வொரு டிரம்முக்கும் முனிரத்தினம் குந்தி உட்கார்ந்து குழாயைத் துடைத்தாள். முதல் நாள் முழுக்கத் தூள்தான் வந்தது. “இதுக்கா இவ்ளோ ரகளை?” என்று ஆபரேட்டர்கள் என் காதுபடவே சிரித்தார்கள். நான் அடுத்த டிரம்மைத் திறந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் முனிரத்தினம், “அக்கா, இங்க வா” என்றாள். குரல் மாறியிருந்தது. அவள் துணியில் உடைந்த ஸ்பிரிங் வாஷரின் பாதி இருந்தது. நகத்துண்டு அளவுதான், இரண்டு முனையும் ஊசி மாதிரி. லைனில் இருந்த பழைய பம்பைக் கழற்றினோம். மீதிப் பாதி போல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுத் தங்கள் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

எனக்கு வேலை போகவில்லை. மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தைச் சார் எனக்குக் காட்டவே இல்லை. நான் சூப்பர்வைசர் ஆனதும் செய்த முதல் காரியம், ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்ததுதான். ஒவ்வொரு ஷிப்டும் குழாயில் நட்டை ஒட்டி, ஸ்பிரிங் தராசால் இழுத்து, எவ்வளவு இழுப்புக்கு விடுகிறது என்று எழுத வேண்டும். அதை எழுதின பிறகுதான் “இரும்பு இல்லை” என்று எழுதலாம். மீட்டர், ரிலே, சென்சார் எதுவானாலும் இதுதான். அது ஒன்றும் காட்டவில்லை என்றால், முதலில் அதையே சோதித்துப் பாருங்கள்.

வாஷர் கிடைத்த டிரம் எந்தத் தேதியில் போட்டது என்று அன்றைக்கே பார்த்து, ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தை எடுத்து, வாஷர் துண்டைச் சார் செல்லோடேப் போட்டு ஒட்டினார். பக்கத்தில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. அங்கே ஏற்கெனவே “ஓகே” என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சாவிக்கொத்து வித்தையைக் காட்டுவதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன்.