“அணிந்தாள்” என்று நான் எழுதிய நாட்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஆசிரியர் சைக்கிளிலிருந்து விழுந்து, முன்கையில் பிளாஸ்டரோடு வந்து நின்றார். கட்டு இன்னும் சரியாகக் காயவில்லை.

“ஐயா, நினைவுக்கு ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றார்.

வைத்தேன். பழக்கம் விடவில்லை, கீழே கிழமையையும் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டேன். “கையெழுத்துக் கேட்டால் ரசீது தாறியள்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பின்னும் அந்த ஈரப் பிளாஸ்டரின் மணம் போகவில்லை.

எனக்கு அந்த மணத்தோடு வினாகிரியின் புளித்த காடி நெடியும் சேர வேண்டும். இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு, வெள்ளைக்காரன் காலத்தில், தலைமன்னாரில் ரயில்வே கந்தோரில் நான் கிளாக்கர். எங்கள் மூத்தவள் பிலோமினா இடது பாதம் உட்பக்கம் மடங்கிப் பிறந்தாள். பதினாறாம் நாள் முதற் பிளாஸ்டர். பிறகு மாற்றி மாற்றி எத்தனையோ. ஒவ்வொரு முறையும் பழைய கட்டை வினாகிரி கலந்த வெந்நீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். “பேசாலை மீனுக்கு வாங்கின வினாகிரி, மகளை எல்லே ஊறப்போடுறன்” என்பாள் என் மனைவி திரேசா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். உரித்த காலில் தோல் வெந்து கிடப்பதைக் கண்டதும் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரி ரயிலில் அரைநாள் தூரம். பெயர் வேண்டாம், பிழை அதனுடையதல்ல. அங்கே எலும்பு வைத்தியம் பார்த்த துரைக்குத் தமிழில் மூன்றே வாக்கியம் தெரியும்: “கால் காட்டு”, “அழாதே”, “நல்ல அப்பா.” மூன்றாவதை எனக்காகவே கற்றார் என்று நினைக்கிறேன். மழையையும் கப்பல் வந்த நேரத்தையும் கொப்பியில் குறித்துவந்த மனிதன், மகளின் கால் விபரத்தை விடுவேனா? கட்டு மாற்றிய நாள், பாதம் திரும்பிய அளவு, காய்ச்சல், எல்லாம் எழுதினேன். துரை ஒவ்வொரு முறையும் அந்தக் கொப்பியைத்தான் முதலில் கேட்பார்.

இரண்டு வயது கடந்ததும் பிளாஸ்டர் முடிந்தது. இனி இரும்புச் சட்டம் ஒன்றில் பூட்டிய இரண்டு பூட்ஸ். தூங்கும் நேரமெல்லாம், பகல் தூக்கத்திலும், இரண்டு வருடம் போட வேண்டும். விட்டால் பாதம் பழைய பக்கம் திரும்பிவிடும் என்று துரை இருமுறை சொன்னார். பிலோமினா அதை “வள்ளம்” என்பாள். “அப்பா, இண்டைக்கு வள்ளம் வேண்டாம்.”

அவள் பிறந்த வாரமே நான் மருதமடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். கால் நேரானால் வெள்ளியில் ஒரு பாதம் செய்து, பிள்ளையே தன் காலால் நடந்து பீடத்தில் வைப்பாள் என்று. ஆவணிப் பெருநாள் வந்தது. கால் பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. ஒன்பது நாள் நவநாளுக்கும் மடுவில் ஓலைக்குடில் போட்டுத் தங்கினோம். குடிலுக்குக் குடில் ஒரு பாய் அகலம்கூட இடைவெளி இல்லை. வெள்ளிப் பாதம் கொடுக்க வந்த பிள்ளைக்கு இரும்பு பூட்டுவதை ஊர் பார்த்தால் என்ன நினைக்கும்? சுகம் தந்தவளுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடி காலைப் பூட்டினால் அது விசுவாசக் குறைவல்லவா? பூட்ஸை ரங்குப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, மாதா பூட்ஸைக் கழட்டச் சொல்லேல்லை” என்றாள் திரேசா.

“சும்மா இரும். அவவுக்குத் தெரியும்.”

பிலோமினா பீடம் வரை தானே நடந்தாள். சனம் அழுதது. நானும் அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி பிறந்தபோது பாதம் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தது. அவசரமாகப் பூட்ஸை மாட்டினோம். பிள்ளை வீறிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்து, வெறுமையாகக் கிடந்த ஒன்பது வாரத்தையும் ஒரே இருப்பில் நிரப்பினேன். அணிந்தாள். அணிந்தாள். அணிந்தாள். சந்தேகம் வராமல் இருக்க இரண்டு பேனை முனை மாற்றினேன்; ஓரிடத்தில் “சிறு காய்ச்சல், இருந்தும் அணிந்தாள்” என்றுகூட எழுதினேன். திரேசா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “மாதாவுக்கு ஒரு கதை, துரைக்கு ஒரு கதை. நல்லா எழுதிறியள்.”

துரை காலைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் நிற்கவில்லையென்றால் இந்த முறையே பயனில்லை, குதிநரம்பை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். என் தோளில் தட்டி, “நல்ல அப்பா” என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் அது என் வீட்டுப் பாவம். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் எங்களுக்கு அடுத்ததாக மறிச்சுக்கட்டியிலிருந்து வரும் ஒரு சோனகப் பெண் இருந்தாள். வாப்பாவோடு மாட்டுவண்டியில் முருங்கனுக்கு வந்து எங்கள் ரயிலில் ஏறுவாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு அதே கால், பிளாஸ்டர் முடிந்து பூட்ஸ் போடவேண்டிய கட்டம். “உங்கட புள்ள இரும்புக் குதிர, என்ட புள்ள மாவு மூட்ட” என்று வழியெல்லாம் பிலோமினாவைச் சிரிக்க வைப்பாள். அன்றைக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லை. துரை என்னைக் கூப்பிட்டார். என் கொப்பியைக் கையில் பிடித்தபடி சொன்னார்: பூட்ஸில் இனி நேரம் போக்க வேண்டாம், இந்தப் பிள்ளைக்கும் வெட்டிவிடலாம்.

அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னது நான்.

அவள் பிள்ளையின் காலைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். “இத்தினூண்டு கால், அண்ணன். பூட்ஸு போட்டுப் பாக்க ஏலாதா? நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்குத் தெரியும்தானே.”

ஒரு வார்த்தை போதும். துரைக்கு நேரே, நாங்கள் போடவில்லை, கொப்பி பொய் என்று சொல்ல எனக்கு இங்கிலீசு நன்றாகவே வரும்.

“துரைக்குத் தெரியும், தங்கச்சி” என்றேன்.

“அப்ப உங்கட வாய நம்பித்தான் வெக்கிறேன்” என்று அவள் சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தாள்.

பிலோமினா இன்றும் அந்த வெட்டிய காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். அவளுக்குக் கலியாணம் பேசிய வருடம் எல்லாவற்றையும் சொன்னேன். “விடுங்கோ அப்பா” என்றாள். மன்னிக்க அங்கே ஓர் ஆள் இருந்தது. துரை யுத்தத்தோடு சீமைக்குப் போய்விட்டார். இந்தியாவுக்குப் போன கப்பலும் இப்போது இல்லை. அந்த வாங்கு இருந்த கட்டிடத்தை இடித்து வேறு கட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன்.

முருங்கன் சந்தியில் மறிச்சுக்கட்டி வியாபாரி ஒருவரிடம் அந்தத் தாயையும் பிள்ளையையும் பற்றி விசாரித்தேன். “மலேரியாக் காய்ச்சலுக்குக் கொஞ்சப் பேர் மௌத்தாப் போனாங்க, கொஞ்சப் பேர் புத்தளம் பக்கம் போய்ட்டாங்க. புள்ளட பேரச் சொல்லுங்க ஐயா, கேட்டுப் பாக்கிறேன்” என்றார்.

ஒன்றரை வருடம் ஒரே ரயிலில் வந்தோம். அவள் எப்போதும் “என்ட புள்ள” என்றுதான் சொன்னாள். நான் பெயரைக் கேட்கவே இல்லை.