மாமா என்று கூப்பிடப் பழக்கினோம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி பகவதி, இறந்துபோன என் தங்கையின் மகள்கள் உமா, ரதி, சர்க்காரிலிருந்து விசாரணைக்கு வந்த மேடம். கரமனையில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. வருஷம் சில ஆகிவிட்டது.

தங்கையும் மாப்பிள்ளையும் பஸ் விபத்தில் போனபோது ரதி கைக்குழந்தை. அவள் ஏங்கக் கூடாது என்று எங்களை அப்பா, அம்மா என்றே கூப்பிடப் பழக்கினோம். பழசைப் பேசாதே என்று உமாவிடமும் சொல்லியிருந்தேன்.

மூட்டை தூக்கும் கூலி போதவில்லை. பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் உறவினருக்கு சர்க்கார் பணம் உண்டு என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

மேடம் ரதியிடம் மலையாளத்தில், "மோளே, இது ஆரா?" என்றார்.

"எங்க அப்பா."

மேடம் பேனாவை மூடினார். "அச்சன் உண்டெங்கில் பைசா கிட்டாது, சேட்டா." அப்பா இருந்தால் பணம் கிடைக்காதாம்.

ரதியின் முன்னால் உண்மையைச் சொல்ல மனமில்லாமல் பகவதியைப் பார்த்தேன்.

"இப்பம் நீங்க செத்தாத்தான் ரூவா வரும் போல" என்றாள் பகவதி.

அப்போது உமா சொன்னாள்: "இது மாமா. எங்க அப்பாவும் அம்மாவும் செத்துப் போயாச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அவள் அழுததே இல்லை. மேடம் அவளை அணைத்துக்கொண்டார். மறுமாதம் பணம் வந்தது.

அன்றே தங்கையின் கல்யாணப் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டினேன். ரதியையும் மாமா என்று கூப்பிடப் பழக்கினோம். இப்போது சாப்பிடும்போதெல்லாம் பழசைப் பேசுகிறோம். சின்ன வயதில் கரமனை ஆற்றில் நீந்தி தங்கை என்னைத் தோற்கடித்ததை, மாப்பிள்ளை உமாவைத் தோளில் வைத்து கோயில் ஆராட்டு ஊர்வலம் காட்டியதைச் சொல்வேன்.

போன வாரம் ரதியின் டீச்சர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாராம். ரதி சொன்னது ஆறு.